மானின் முழங்கால் வயிற்றுக்குள் பாய்ந்தால்: பிளெண்டரில் ஐகே பிழை திருத்துவது

திருகோணமலையில், பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கும். திருமலைக்காரருக்கு அது புதினமில்லை. அதில் ஒன்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நடக்க வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் அடியிலேயே பின்னங்கால் முறுகி, முழங்கால் வயிற்றுக்குள் போய்விட்டது. மூன்று இரவு தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆர்மேச்சர் (எலும்புக்கூடு) போடவும் அதை மெஷ்ஷோடு (உடல் வடிவத்தோடு) பிணைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் பிழை பிளெண்டரில் இல்லை, என் கண்ணில். மானின் பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போல முன்னோக்கித்தான் இருக்கிறது. கோட்டையடியில் நின்று பக்கவாட்டில் பத்து விநாடி வீடியோ எடுத்துப் பார்த்த பிறகே எலும்புகளைச் சரியான இடத்தில் வைத்தேன்.

அடுத்தது, என்னை விழுத்திய இடம். தொடையையும் கீழ்க்காலையும் ஒரே நேர்கோட்டில் வரைந்திருந்தேன். ஐகே என்பது பாதத்தை நகர்த்தினால் மேலே உள்ள மூட்டுகளைத் தானே மடிக்கும் முறை. அது கணக்குப் போடுவது எடிட் மோடில் நீங்கள் வைத்த நிலையிலிருந்துதான். கால் நேராக இருந்தால் எந்தப் பக்கம் மடிப்பது என்று அதற்குத் துப்பே கிடைக்காது. எடிட் மோடுக்குப் போய் முழங்கால் மூட்டைக் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைவு போதும். பிறகு முன்பக்கமிருந்து பாருங்கள்: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மூன்று மூட்டையும் தெரிவுசெய்து எஸ், எக்ஸ், 0 அழுத்துங்கள்.

இனி போஸ் மோட். ஐகே கன்ஸ்ட்ரெயின்டைக் கீழ்க்கால் எலும்பில் போட்டு, செயின் லெந்தை (ஐகே எத்தனை எலும்பை மடிக்கிறது என்ற எண்ணை) 2 ஆக்குங்கள். அது முதலில் 0 என்று இருக்கும். 0 என்றால் பூச்சியமல்ல, மேலே உள்ள பரம்பரை முழுவதும் என்று அர்த்தம்! காலை இழுத்தால் முதுகெலும்பும் சேர்ந்து வளைவது இதனால்தான். டார்கெட் எலும்பு, அதாவது கணுக்காலில் நின்று காலை இழுக்கும் எலும்பு, அந்தக் காலின் பிள்ளையாக இருக்கவே கூடாது. எடிட் மோடில் ஆல்ட்+பி (Alt+P) அழுத்திப் பிரித்துவிடுங்கள், அது மெஷ்ஷை இழுக்காமலிருக்க டிஃபார்ம் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

முழங்கால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டும் போல் டார்கெட்டை முழங்காலுக்கு நேர் முன்னே, சற்றுத் தள்ளி வையுங்கள். கொடுத்தவுடன் கால் சட்டென்று திரும்பினால் பதறாதீர்கள். போல் ஆங்கிளில் 90, -90, 180 என்று மாற்றிப் பார்த்தால் ஒன்றில் சரிவரும். 37 போன்ற ஏதோ ஒரு எண்ணில்தான் கால் பொருந்துகிறது என்றால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டாம். தொடை எலும்பின் ரோல் (தன் அச்சில் அது திரும்பியிருக்கும் கோணம்) பிழை, அல்லது மூட்டுகள் ஒரே தளத்தில் இல்லை. எடிட் மோடில் ஷிஃப்ட்+என் அழுத்தி ரோலைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

மனிதக் கால் என்றால் இத்தோடு முடிந்தது. மானுக்குக் கணுக்காலிலிருந்து குளம்புவரை இன்னொரு நீள எலும்பு இருக்கிறது. செயின் லெந்தை 3 ஆக்கினால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கணுக்காலை நம் விருப்பப்படி தூக்க முடியாது. குளம்பில் தொடங்கிக் கணுக்காலில் முடியும் ஒரு கட்டுப்பாட்டு எலும்பு வரையுங்கள். கணுக்கால் டார்கெட் அதன் பிள்ளை. கீழே உள்ள நீள எலும்புக்குச் செயின் லெந்த் 1 உள்ள தனி ஐகே. அதன் டார்கெட் இந்தக் கட்டுப்பாட்டு எலும்பேதான். இப்போது அதைச் சுழற்றினால் குளம்பு மண்ணிலேயே நிற்க, கணுக்கால் மட்டும் எழும்பும்.

பிளெண்டரோடு வரும் ரிகிஃபை என்ற எலும்புக்கூடு கட்டும் கருவியில் குதிரை, ஓநாய் எல்லாம் தயாராகவே கிடைக்கின்றன. நல்ல கருவிதான். ஆனாலும் ஒரு காலையாவது கையால் கட்டிப் பாருங்கள் என்பது என் கட்சி. இல்லாவிட்டால் பிழை வரும்போது எங்கே தேடுவதென்றே தெரியாது.

பின்சேர்க்கை: எஸ், எக்ஸ், 0 அழுத்தியதும் இரண்டு காலும் நடுவில் ஒட்டிக்கொண்டன என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அது என் தவறு, சொல்ல மறந்துவிட்டேன். ஒரு காலை மட்டும் தெரிவுசெய்துவிட்டு அழுத்த வேண்டும்.

இன்னொருவருக்கு, நடக்கும்போது முழங்கால் திடீரென்று வெட்டி இழுக்கிறதாம். டார்கெட் காலின் நீளத்தைத் தாண்டிப் போகும்போது கால் விறைத்துக்கொள்வதால் வருவது இது. அந்த பிரேமில் இடுப்பைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். என் வீடியோவில் சும்மா நிற்கிற மானின் பின்னங்கால்கூட முழுதாக நிமிர்ந்திருக்கவில்லை.