டிவிஷன் அல்ஜீப்ராவை டென்சராகப் பிரிக்கும்போது செய்யக்கூடாதவை

கீழக்கரையில் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு மாலையில் அல்ஜீப்ரா எடுக்கிறேன். ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். டிவிஷன் அல்ஜீப்ரா என்றால் பூஜ்யமில்லாத எந்த உறுப்பாலும் வகுக்க முடிகிற அல்ஜீப்ரா. அதைச் சின்ன அல்ஜீப்ராக்களின் டென்சர் பெருக்கமாக (பரிமாணங்கள் பெருகும்படி இரண்டைச் சேர்த்துக் கட்டுவது) பிரிக்கும் இந்தப் பாடம் வந்ததும் ஒவ்வொரு பேட்சும் நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறது. குறியை மாற்றிப் போடுவது, பெருக்கும் வரிசையைப் புரட்டுவது எல்லாம் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

எந்தக் களத்தின் மேல் என்று பார்க்காமல் டென்சர் போடுவது

மையம்தான், அதாவது எல்லா உறுப்புகளோடும் வரிசை மாற்றிப் பெருக்கக்கூடியவைதான், களம். கலப்பெண்களை மெய்யெண்கள் மேல் டென்சர் செய்தால் கலப்பெண் களத்தின் இரண்டு நகல் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும், டிவிஷன் போய்விடும்.

துண்டுகள் டிவிஷன், அதனால் பெருக்கமும் டிவிஷன் என்பது

டிகிரிகளுக்கு (பரிமாணத்தின் வர்க்கமூலம்) பொதுக் காரணி இல்லையென்றால் சரி. டிகிரி 6 என்றால் 2, 3 என்று கட்டாயம் பிரியும். 2, 2 என்று வந்தால் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். குவாட்டர்னியன் என்பது 1, ஐ, ஜே, ஐஜே என்ற நான்கால் கட்டிய டிகிரி 2 அல்ஜீப்ரா, அதில் ஜேஐ = −ஐஜே. விகிதமுறு எண்கள் மேல் ஒரு குவாட்டர்னியனில் ஐ² = −1, ஜே² = −1. இன்னொன்றில் ஐ² = −1, ஜே² = 3. தனித்தனியே இரண்டும் டிவிஷன்தான். இரண்டு ஐ-களையும் டென்சரில் பெருக்கி யூ என்று வையுங்கள். யூ² = 1, அதனால் (யூ − 1)(யூ + 1) = 0, காரணி இரண்டும் பூஜ்யமில்லை. டிவிஷன் அங்கேயே செத்தது. கிடைத்த 16 பரிமாண அல்ஜீப்ரா, ஜே² = −3 உள்ள வேறொரு குவாட்டர்னியன் மேலான 2×2 அணிகள்தான்.

பிரவர் குழுவில் சமம் என்றால் ஐசோமார்ஃபிக் என்று எடுப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். எத்தனை தடவை தன்னோடேயே டென்சர் செய்தால் களத்தின் மேலான வெறும் அணிகளாகிவிடுமோ, அந்த மிகச்சிறிய எண்தான் எக்ஸ்போனென்ட். எக்ஸ்போனென்ட் 2 உள்ள எந்த டிவிஷன் அல்ஜீப்ராவும் பிரவர் குழுவில் குவாட்டர்னியன்களின் பெருக்கத்துக்குச் சமம் என்று 1981இல் மெர்குரியேவ் நிறுவினார் (களத்தின் கேரக்டரிஸ்டிக் 2 ஆக இருக்கக் கூடாது). அந்தச் சமம் அணியின் அளவைக் கண்டுகொள்ளாது: ஒரே டிவிஷன் அல்ஜீப்ரா மேலான 2×2 அணிகளும் 3×3 அணிகளும் அதற்கு ஒன்றுதான். பிள்ளைகளோ, அல்ஜீப்ராவே குவாட்டர்னியன்களின் பெருக்கம் என்று படித்துவிடுகிறார்கள்.

ஒரு மாணவர் இதை வைத்து ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே கட்டி, ராமநாதபுரம் போய் ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக்கொண்டு வந்தார். டிகிரி 8, பரிமாணம் 64, ஆகவே மூன்று குவாட்டர்னியன் என்று எழுதியிருந்தார்.

“மூணுன்னு தேற்றம் எங்க தம்பி சொல்லுது?”

“பரிமாணக் கணக்கு சரியா வருதே சார்.”

கணக்கு வரும், பொருள் வராது. அமிட்சூர், ரோவன், டிக்னோல் மூவரும் 1979இலேயே, டிகிரி 8, எக்ஸ்போனென்ட் 2 இருந்தும் அப்படிப் பிரியாத டிவிஷன் அல்ஜீப்ராவைக் கட்டிக் காட்டிவிட்டார்கள். அதன் மேலான 2×2 அணிகளை எடுத்தால்தான் நான்கு குவாட்டர்னியன்களாகப் பிரியும். மெர்குரியேவ் சொன்னதற்கும் இதற்கும் ஒரு முரணும் இல்லை. டிகிரி 4, எக்ஸ்போனென்ட் 2 என்றால் ஆல்பர்ட்டின் பழைய தேற்றம் நிஜமாகவே இரண்டு குவாட்டர்னியன்களைக் கொடுத்துவிடுகிறது. அந்த ருசியில்தான் எட்டுக்கும் துணிந்து விடுகிறார்கள். அவருடைய அத்தியாயத்தில் மூன்று பக்கம்தான் மிஞ்சியது. பைண்டிங் காசும் போச்சு.

டிகிரி 4 என்றதும் எக்ஸ்போனென்ட் 2 என்று எழுதுவது

விகிதமுறு எண்கள் மேல் டிவிஷன் அல்ஜீப்ராவுக்கு டிகிரியும் எக்ஸ்போனென்ட்டும் எப்போதும் ஒன்றே. ஆக அங்கே எக்ஸ்போனென்ட்டும் 4, இரண்டு குவாட்டர்னியனாகப் பிரியவே பிரியாது.

உள்ளே ஒரு துணைக்களம் இருக்கிறது, பிரிந்துவிடும் என்பது

பிரியாது. துணை அல்ஜீப்ராவின் மையமும் அதே களமாக இருக்க வேண்டும்.