உறைபான இயந்திரத்தைச் சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பானத்தைப் பனிக்கூழ் போல உறையவைத்துத் தரும் உறைபான (slush) இயந்திரத்தின் தொட்டி பளிச்சென்று தெரிவதாலேயே அது சுத்தமாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சர்க்கரைப் பாகு தங்குவது பானம் வெளிவரும் குழாயின் உட்புறத்திலும் ரப்பர் வளையங்களின் இடுக்குகளிலும்தான். லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் பெருகக்கூடியவை என்பதால், குளிர்ச்சியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

முதலில் குளிரூட்டலை நிறுத்தி, பானம் இளகியதும் முழுவதையும் வடித்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரை ஊற்றி, கலக்கும் திருகைச் சில நிமிடங்கள் சுழலவிட்டு, அந்த நீரையும் வெளியேற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், குளிர்ந்திருக்கும் பிளாஸ்டிக் தொட்டி அதனால் விரிசல் விடலாம். பிறகு மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தொட்டி, திருகு, குழாய், வளையங்கள் ஆகியவற்றைக் கழற்றி, மென்மையான சோப்புக் கரைசலில் தூரிகையால் தேய்த்து நன்றாக அலச வேண்டும்.

இத்துடன் வேலை முடிந்தது என்று பலர் நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. சோப்பு அழுக்கைத்தான் நீக்கும்; கிருமிகளை ஒழிக்க, உணவு தொடும் பரப்புகளுக்கென விற்கப்படும் கிருமிநாசினியை அதன் லேபிளில் உள்ள அளவில் கரைத்து, அதில் சொல்லப்பட்ட நேரம் முழுவதும் பாகங்களை ஊறவிட வேண்டும். அதன்பின் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள், ஏனெனில் துடைக்கும் துணியே மீண்டும் கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும்.

மீண்டும் பொருத்தும்போது வளையங்களில் உணவுத் தர கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். வெடித்த வளையத்தை உடனே மாற்றிவிடுங்கள். பால் கலந்த பானமாக இருந்தால், இவை அனைத்தையும் தினமும் செய்வதே பாதுகாப்பானது. மாதம் ஒருமுறை கண்டென்சரில் (இயந்திரத்தின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதியில்) படிந்த தூசியையும் அகற்றுங்கள்.