‘சர்ச்சைப் பேச்சு’ என்று தலைப்பு வைக்கும் முன்: வேட்பாளர் பேச்சைச் செய்தியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் பிரசாரத்தில் ஒரு வேட்பாளர் ஏதோ பேசிவிடுகிறார். பத்து நிமிடத்தில் நியூஸ் கார்டு வந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் இருபது நொடி வீடியோ வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றுகிறது. ராத்திரி எட்டு மணி விவாதத்தில் நான்கு பேர் உட்கார்ந்து அதைக் கண்டிக்கிறார்கள், நியாயப்படுத்துகிறார்கள். மறுநாள் காலையில், ‘அவர் சொன்ன வாக்கியம் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு வாக்கியம் சொல்வார்கள். கோபம் மட்டும் எல்லோரிடமும் ஒன்றுபோல இருக்கும்.

வேட்பாளர்களின் பேச்சை ஊடகங்கள் உரசிப் பார்க்கத்தான் வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் பொதுமேடையில் என்ன பேசுகிறார் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஆனால் உரசிப் பார்க்க வேண்டியது அவர் சொன்ன வாக்கியத்தை. அதைப் பற்றி நாம் சொல்லிக்கொண்ட வாக்கியத்தை அல்ல. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவம் கர்நாடகத்தின் கோலாரில் நடந்தது. 2019 ஏப்ரல் 13, மக்களவைத் தேர்தல் பிரசாரம். வங்கி மோசடி வழக்கில் சிக்கிய வைர வியாபாரி நீரவ் மோடி, ஐ.பி.எல். முன்னாள் தலைவர் லலித் மோடி, பிரதமர் நரேந்திர மோடி என்று மூன்று பெயர்களைச் சொன்ன ராகுல் காந்தி, இந்தத் திருடர்கள் எல்லோருக்கும் மோடி என்றே பெயர் இருக்கிறதே, அது எப்படி என்று இந்தியில் கேட்டார். இன்னும் தேடினால் இன்னும் பல மோடிகள் வெளியே வருவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இது செய்தியானபோது பல இடங்களில் ‘மோடி என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் திருடர்கள்’ என்று ஆகிப்போனது. இரண்டும் ஒன்றல்ல. முதல் வாக்கியம் சில திருடர்களின் பெயரைப் பற்றியது. இரண்டாவது, ஒரு பெயர் உள்ள அத்தனை மனிதர்களையும் பற்றியது. மோடி என்ற பெயர் கொண்ட எல்லோருக்கும் அவதூறு என்று சூரத்தில் பா.ஜ.க. எம்.எல்.ஏ. பூர்ணேஷ் மோடி தொடுத்த வழக்கே இந்த வித்தியாசத்தின் மேல்தான் நின்றது. ராகுல் தரப்பை ஆதரித்து எழுதியவர்களிடமும் இதே குறை இருந்தது. ‘இன்னும் பல மோடிகள் வருவார்கள்’ என்ற பின்பகுதியை அவர்களில் பலர் விட்டுவிட்டார்கள். முழு வாக்கியம் இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது. அதனால்தான் அதை முழுதாகப் போட வேண்டும் என்கிறேன். வேற்று மொழிப் பேச்சென்றால் மூல வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் கொடுத்துவிட்டுக் கீழே மொழிபெயர்ப்பைத் தர இரண்டு வரி போதும்.

அந்த வழக்கிலேயே இன்னொரு தவறும் நடந்தது. அது தமிழில் எழுதுகிறவர்களைச் சுலபமாகச் சிக்க வைக்கும். 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் ராகுலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மறுநாளே எம்.பி. பதவி போனது. பிறகு சூரத் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது, ஆனால் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பை நிறுத்தி வைக்க மறுத்தது. பதவிக்குத் தடையாக நின்றது அந்தத் தீர்ப்புதான். நாம் இரண்டையும் ‘தண்டனை’ என்ற ஒரே சொல்லால் எழுதிப் பழகிவிட்டோம். ‘தண்டனைதான் நிறுத்தப்பட்டுவிட்டதே, பதவி ஏன் திரும்பக் கிடைக்கவில்லை?’ என்று வாசகர் குழம்பினார் என்றால் அந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்கள் நாம்.

2023 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பையே நிறுத்தி வைத்தது. அப்போது ‘விடுதலை’ என்றும் ‘ரத்து’ என்றும் எழுதினால் அது பிழை, ஏனென்றால் மேல்முறையீடு அப்போது முடிந்திருக்கவில்லை. அதிகபட்சத் தண்டனையான 2 ஆண்டை ஏன் கொடுத்தார் என்பதற்கு விசாரணை நீதிபதி காரணம் சொல்லவில்லை, தண்டனை ஒரு நாள் குறைந்திருந்தாலும் பதவி போயிருக்காது என்று உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அந்தப் பேச்சு நல்ல ரசனையில் அமைந்ததல்ல, பொது வாழ்வில் இருப்பவர் கவனமாகப் பேச வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருந்தது. பாதியை மட்டும் எடுத்துத் தலைப்பு வைப்பது கோலார் வாக்கியத்துக்குச் செய்ததையே நீதிமன்ற உத்தரவுக்கும் செய்வதாகும்.

வீடியோவை வெட்டுவது எல்லோருக்கும் தெரிந்த தவறுதான். 2017 குஜராத் சட்டமன்றத் தேர்தல் சமயத்தில், இந்தப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டால் அந்தப் பக்கம் தங்கம் வரும் இயந்திரம் பற்றி ராகுல் பேசிய துண்டு நாடெங்கும் பரவியது. அடுத்த வரியிலேயே, இது என் வார்த்தை அல்ல, நரேந்திர மோடியின் வார்த்தை என்று சொல்லியிருந்தார். வெட்டியவர்கள் அந்த வரியை நீக்கிவிட்டார்கள். ஆனால் வெட்டு கண்டுபிடிக்கப்பட்டதோடு செய்தியாளரின் வேலை முடிந்துவிடாது. மோடி உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா என்று கேட்டிருக்க வேண்டும். துண்டு வீடியோவை அம்பலப்படுத்தும் உற்சாகத்தில் அந்தக் கேள்வி ஓரம்போய்விடும்.

பிறர் வாயில் வார்த்தையை வைக்கும் பேச்சுக்குத் தனியாகச் சோதனை வேண்டும். 2019 ஏப்ரல் 10 அன்று ரஃபேல் போர் விமான பேர வழக்கில் சில ஆவணங்களை ஏற்பது குறித்து உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. காவலாளியே திருடன் என்று மோடியைக் குறித்துத் தான் எழுப்பிவந்த முழக்கத்தை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற பொருள்பட ராகுல் பேசினார். உத்தரவில் அப்படி ஒரு வரி கிடையாது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வந்தது. ராகுல் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். இனிமேல் கவனமாக இருக்கும்படி சொல்லி நவம்பர் 14 அன்று நீதிமன்றம் வழக்கை முடித்தது. அவர் பேசிய அன்றே உத்தரவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘இதில் அப்படி இல்லை’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் வாசகர் அன்றே தெளிந்திருப்பார்.

அடுத்தது, ‘சர்ச்சை’ என்ற சொல். இதைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். 2019 ஏப்ரல் 15 அன்று தேர்தல் ஆணையம் உத்தரப் பிரதேசத் தலைவர்கள் நான்கு பேருக்குப் பிரசாரத் தடை விதித்தது. யோகி ஆதித்யநாத்துக்கும் ஆசம் கானுக்கும் 72 மணி நேரம், மாயாவதிக்கும் மேனகா காந்திக்கும் 48 மணி நேரம். நான்குக்கும் ‘சர்ச்சைப் பேச்சு’ என்ற ஒரே முத்திரை விழுந்தது. மாயாவதி முஸ்லிம் வாக்காளர்களை நோக்கி, ஓட்டுகளைச் சிதறவிடாதீர்கள் என்று மதத்தின் பேரில் வேண்டினார். யோகி, முஸ்லிம்கள் போற்றும் அலி ஒரு பக்கம், இந்துக்கள் வணங்கும் பஜ்ரங்பலி (அனுமன்) மறுபக்கம் என்று இரு தரப்பாகப் பிரித்துப் பேசினார். மேனகா, முஸ்லிம்கள் ஓட்டில்லாமல் தான் ஜெயித்தால், பிறகு அவர்கள் வேலை கேட்டு வரும்போது தன் மனம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளச் சொன்னார். ஆசம் கான் எதிர்த்து நின்ற பெண் வேட்பாளரின் உள்ளாடையைப் பற்றிப் பேசினார். மத அடிப்படையில் ஓட்டுக் கேட்பது வேறு, ஓட்டுப் போடாதவருக்கு உதவி கிடைக்காது என்று உணர்த்துவது வேறு, ஒரு பெண்ணை இழிவுபடுத்துவது முற்றிலும் வேறு. எல்லாவற்றையும் ‘சர்ச்சை’க்குள் போட்டு மூடினால் யார் என்ன தவறு செய்தார் என்று யாருக்கும் தெரியாது. மிரட்டல் என்றால் மிரட்டல் என்று எழுதுங்கள். பெண்ணிழிவு என்றால் அப்படியே எழுதுங்கள்.

இழிவான பேச்சைச் செய்தியாக்கும்போது எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். அதே இழிவை நாமே நூறு தடவை ஒலிபரப்பிவிடுவோம். 2021 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில், ஆயிரம் விளக்கு தொகுதிப் பிரசாரத்தில் ஆ. இராசா, ஸ்டாலினையும் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியையும் பிறப்பை வைத்து ஒப்பிட்டார். அது அரசியல் வளர்ச்சிக்குச் சொன்ன உவமை என்று முதலில் விளக்கினார். முதல்வர் மேடையில் கண்கலங்கிய பிறகு மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் அவர் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. அந்தச் சொற்கள் முந்தைய ஆண்டுதான் காலமான ஒரு தாயைத் தொட்டவை. வாக்காளர் தெரிந்துகொள்ள, ‘முதல்வரின் பிறப்பை முறைகேடான உறவோடு ஒப்பிட்டார்’ என்ற ஒரு வரி போதும். முழு வாக்கியம் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது முரண் அல்ல. செய்தியின் உடலில் ஒரு தடவை, சூழலோடு இருக்கட்டும். தலைப்பிலும் கீழே ஓடும் எழுத்திலும் நாள் முழுக்க அது சுற்ற வேண்டியதில்லை.

பேச்சுக்கும் தேர்தல் முடிவுக்கும் முடிச்சுப் போடும்போதும் நிதானம் வேண்டும். அமெரிக்காவில் ஹோவர்ட் டீன் என்ற வேட்பாளர் 2004 ஜனவரி 19 அன்று போட்ட ஒரு கூச்சலால்தான் அதிபர் வேட்பாளராகும் வாய்ப்பை இழந்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அவர் ஐயோவா மாநிலத்தில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் மூன்றாவது இடத்துக்குப் போய்விட்ட பிறகுதான் அந்த மேடையில் ஏறினார். அரங்கில் அவர் குரல் கூட்டத்தின் ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. சுற்றுச் சத்தத்தை வடிகட்டும் மைக் அவர் குரலை மட்டும் பிடித்துத் தொலைக்காட்சிக்குக் கொடுத்ததால் பித்துப் பிடித்தவர் கத்துவதுபோல் கேட்டது. அரங்கில் நின்ற செய்தியாளர்களின் காதில் விழுந்தது வேறு, வீட்டில் இருந்தவர்கள் கேட்டது வேறு. ஒலி எந்த மைக்கிலிருந்து வந்தது என்பதையும் கேட்டுப் பழகுங்கள்.

இனி மேசையில் செய்ய வேண்டியது. துண்டு வீடியோ வந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிமிடமாவது கேளுங்கள். அது கிடைக்கும்வரை வெளியிடாமல் இருக்க முடியாவிட்டால், முழுப் பேச்சு இன்னும் கைக்கு வரவில்லை என்று செய்தியிலேயே எழுதுங்கள். வேட்பாளரிடம் விளக்கம் கேளுங்கள், அவர் சொல்வதையும் சரிபாருங்கள். பிழை நடந்துவிட்டால், கார்டு போன இடத்துக்கே திருத்தமும் போகட்டும், அதே அளவு எழுத்தில். பழைய கார்டை அழிப்பதோடு நிறுத்தாதீர்கள், அதற்குள் அதைச் சேமித்து அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். உருளைக்கிழங்கு பேச்சின் முழு வீடியோவும் யூடியூபில் இருந்தது. வெட்டிய துண்டோ 2017-க்குப் பிறகு வந்த தேர்தல்களிலும் சுற்றிக்கொண்டே இருந்தது.