மோரா, 'அர்' விகுதியா?

ஆங்கிலத்தில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும்போது பல வருடம் 'மோர் பெட்டர்' (more better) என்று தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தமிழில் 'அதைவிட' என்று ஒன்றைச் சேர்த்தால் போதும், பெயரடை அசையாமல் நிற்கும். ஆங்கிலத்தில் பல நேரம் சொல்லே மாறும்.

கைதட்டி அசை எண்ணுங்கள். ஒரே தட்டு என்றால் பெரும்பாலும் பின்னால் 'அர்' (er), 'எஸ்ட்' (est): டால் (tall), டாலர் (பணம் இல்லை!), டாலஸ்ட். 'பிக்' போலக் குறுகிய உயிரொலிக்குப் பின் ஒற்றை மெய் வந்தால் எழுதும்போது அதை இரட்டியுங்கள்: 'பிக்கர்' என்பதில் இரண்டு 'ஜி'. நான் அதிகம் சறுக்கியது இங்கேதான். 'ஹாப்பி' மாதிரி 'ஒய்'யில் (y) முடிந்தால் அது 'ஐ' (i) ஆகி 'அர்' சேரும்: ஹாப்பியர். நீளமான சொல்லுக்கு முன்னால் மோர், மோஸ்ட்: மோர் பியூட்டிஃபுல். 'மோர்', 'அர்' இரண்டையும் ஒரே சொல்லில் சேர்க்கவே கூடாது.

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். இவை மனப்பாடம்தான்.

அப்புறம், 'எல்லாரையும்விட' என்ற நினைப்பில் 'டாலஸ்ட் தேன் ஆல்' என்று எழுதாதீர்கள். 'தி டாலஸ்ட் ஆஃப் ஆல்'தான் சரி.