சிதைந்த மணற்கல்லை அடையாளம் காணும் முறை

நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த மணற்கல்லை அதன் மேற்புறத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடக் கூடாது. பாசியும் இரும்புக் கறையும் ஏறிய அந்த மேல்தோல் உள்ளேயுள்ள கல்லின் நிறத்தையே மாற்றிக் காட்டும். ஆகவே பாறையில் கைவைக்காமல், உதிர்ந்து கிடக்கும் துண்டு ஒன்றை எடுத்து, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் உடைத்து, புதிய முகத்தைப் பாருங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் அந்த முகம் சர்க்கரையைக் கொட்டி இறுக்கியதுபோலத் தெரியும். மணல் மணிகள் ஏறத்தாழ 0.06 முதல் 2 மி.மீ. வரை இருக்கும். கண்ணாடிபோல மினுங்குபவை குவார்ட்ஸ் என்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் அவற்றின் கடினம் 7 என்பதால் கத்தி முனையால் கீறல் விழாது. இடையிடையே மங்கிய வெண்புள்ளிகளாகத் தெரிபவை பெரும்பாலும் களிமண்ணாக மாறிவரும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம்.

அடுத்து, பழைய முகத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் ஒட்டி வரும் மணலைக் கவனித்தால் மணிகள் பெரும்பாலும் முழுமையாகவே இருக்கும். அழிந்தது அவற்றைப் பிணைத்திருந்த பசைப்பொருள்தான். மணற்கல்லின் சிதைவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை இல்லை என்பேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு கல்லின்மேல் விட்டதும் நுரைத்தால் அந்தப் பசை கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். இலேசான அமிலத்தன்மையுள்ள மழைநீரே அதை மெல்லக் கரைத்துவிடும். களிமண் பசையானால் நனைந்ததும் நெகிழும். குவார்ட்ஸும் எதனால் ஆனதோ அந்தச் சிலிக்காவே பசையானால் நெடுநாள் தாங்கும். அது மிக இறுகிய கல்லில் உடைப்பு மணிகளையே ஊடறுத்துச் செல்வதால், குவார்ட்சைட் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மணற்கல்) என்று எண்ணிவிட இடமுண்டு. சிதைந்த கருங்கல்லும் மணலாக உதிரும். ஆனால் அதன் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும், மணிகளைச் சுற்றிப் பசை இராது.

தேன்கூடுபோன்ற குழிகள் பெரும்பாலும் உப்பின் வேலை. துளைகளில் ஊறிய உப்புநீர் காயும்போது வளரும் படிகங்கள் மணிகளை நெம்பித் தள்ளுகின்றன.

செம்மையும் பழுப்புமாக வளைந்தோடும் கோடுகளைப் படிவு அடுக்குகள் என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். கோட்டின் இருபுறமும் லென்ஸை வைத்து மணிகளின் பருமனை ஒப்பிடுங்கள். பருமன் மாறினால் அது அடுக்கின் எல்லையாக இருக்கலாம். பருமன் மாறாமல் நிறம் மட்டும் மாறி, கோடு அடுக்குகளைக் குறுக்கே வெட்டிச் சென்றால், அது நிலத்தடி நீர் பிற்பாடு விட்டுச்சென்ற இரும்புப் படிவு.