மறுப்பும் மௌனமும்: எஸ்எஸ்எச் இணைப்புக் கோளாறுகளைக் கண்டறிதல்

கல்லடியில் ஒரே வீட்டிலுள்ள இரு லினக்ஸ் கணினிகளில் ஒன்றிலிருந்து மற்றையதற்குள் எஸ்எஸ்எச் (வலையமைப்பின் ஊடாக இன்னொரு கணினியில் பாதுகாப்பாகக் கட்டளையிட உதவும் முறை) வழியாக நுழைய முடியாதபோது, திரையில் வந்த செய்தியை வாசிக்காமலே அமைப்புகளை மாற்றத் தொடங்குவதுதான் பலரும் விடும் தவறு.

'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' (இணைப்பு மறுக்கப்பட்டது) என்று வந்தால், அந்த முகவரியில் ஏதோ ஒரு கருவி இருக்கிறது. ஆனால் எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் வாயிலான 22ஆம் இலக்கப் போர்ட்டில் அழைப்பை ஏற்கும் சேவை பெரும்பாலும் அங்கே ஓடவில்லை. உபுண்டு டெஸ்க்டொப்பில் அச்சேவையை வழங்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் சேர்வர் இயல்பாக நிறுவப்பட்டிருப்பதில்லை என்பதால், முதலில் அதையே பாருங்கள்.

'நோ ரூட் டு ஹோஸ்ட்' (கணினிக்குப் பாதை இல்லை) என்ற செய்தி ஒரே வலையமைப்புக்குள் வந்தால், பெரும்பாலும் முகவரி மாறியிருக்கும். மாரி காலத்தில் மின்சாரம் போய் வந்து ரவுட்டர் மீண்டும் இயங்கும்போது, நேற்று 192.168.1.10 ஆக இருந்த கணினிக்கு இன்று வேறொரு முகவரி கிடைத்திருக்கலாம். அக்கணினியிலேயே 'ஐபி ஏ' கட்டளையை இட்டுப் பார்த்து, பின்னர் ரவுட்டரில் அதற்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை மீளாது.

கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்குப் பதில் வந்தும் எஸ்எஸ்எச் 'டைம்ட் அவுட்' (நேரம் கடந்தது) ஆனால், வலைப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் தரவுப் பொதிகளைச் சத்தமின்றிக் கைவிடுகிறது என்று கொள்ளலாம்; உபுண்டுவில் அதன் ஃபயர்வால் கருவியான 'யுஎஃப்டபிள்யூ' விதிகளைச் சரிபார்க்க வேண்டும்.

'பெர்மிஷன் டினைட்' (அனுமதி மறுக்கப்பட்டது) வந்தால் வலையமைப்பில் குறையில்லை. கேபிளைக் கழற்றிப் பூட்டுவதும் வீண் வேலை. கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறவுகோல் கோப்பு மூலம் நுழைபவர்கள், எதிர்க்கணினியில் தமது வீட்டுக் கோப்புறையிலோ அதனுள் இருக்கும் '.எஸ்எஸ்எச்' கோப்புறையிலோ பிறர் எழுதும் அனுமதி இருந்தால் சேர்வர் அத்திறவுகோலை ஏற்காது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பின்னையதற்கு 700, ஏற்கப்படும் திறவுகோல்களைக் கொண்ட 'ஓதரைஸ்ட் கீஸ்' கோப்புக்கு 600 என்ற, உரியவருக்கு மட்டுமான அனுமதிகள் பொருந்தும். நிராகரிப்பின் காரணம் உங்கள் திரையில் தெரியாது, சேர்வரின் பதிவேட்டிலேயே இருக்கும்.

கல்முனையிலிருந்து கல்லடிக் கணினியை அணுகுவது வேறு கதை. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான தொகுதியில் இருந்தால், ஒரே பொதுமுகவரியைப் பலர் பகிர்கிறார்கள்; ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவதால் பயனில்லை, இரு கணினிகளையும் இணையத்தின் ஊடாக ஒரே தனி வலையமைப்பில் இணைக்கும் விபிஎன் தேவைப்படும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும்போது, பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இரண்டாவது சாளரத்தில் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிடில் கல்முனையிலிருந்து பஸ் ஏறி வரவேண்டியிருக்கும்.