நேரலையில் தடுமாறாமல் பேச: புதிய டிவி நிருபர்களுக்கு

நேரலைக்கு முன் முழுப் பத்தியையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் நழுவினால் மொத்தமும் போய்விடும். முதல் வாக்கியத்தை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு, மற்றதற்கு மூன்று குறிப்புச் சொற்கள் போதும்: என்ன நடந்தது, இப்போது நிலைமை என்ன, அடுத்து என்ன. பெயர்களும் எண்களும் மட்டும் கையில் சீட்டாக இருக்கட்டும். அதைக் குனிந்து பார்ப்பதில் வெட்கமே வேண்டாம். தப்பான எண்ணிக்கை சொல்வதுதான் வெட்கம்.

பலரையும் குழப்புவது, ஸ்டுடியோவில் பேசுவதைக் கேட்கக் காதில் மாட்டும் இயர்பீஸில் வரும் தாமதம். நேரலை சாட்டிலைட் வழியாகப் போனால், அது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால், சிக்னல் ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும் கருவியில் தாமதம் இன்னும் கூடலாம். ஆகவே ஸ்டுடியோவில் கேள்வி முடிந்த பிறகும் திரையில் நீங்கள் சும்மா நிற்பதுபோல் தெரியும். அந்த இடைவெளியில் கேமராவையே பாருங்கள், லேசாகத் தலையசையுங்கள். கேள்வி காதில் விழுந்ததும் "ஆமாம், அதாவது வந்து" என்று இழுக்காமல் நேராகப் பதிலுக்குப் போங்கள்.

உங்கள் குரலே தாமதமாகக் காதில் திரும்பி வந்தால் பலருக்கும் நாக்கு குழறும். நேரலைக்கு முன்பே கன்ட்ரோல் ரூமில் சொல்லி, உங்கள் குரலை மட்டும் நீக்கிய ஒலியைக் கேட்டு வாங்குங்கள். கடைசி நேரத்தில் அப்படி ஆனால், பேசும்போது மட்டும் இயர்பீஸைக் கழற்றிவிடலாம்.

அப்புறம், "முடிந்தது" என்று காதில் கேட்கும்வரை மைக் உயிரோடுதான் இருக்கிறது.